ஐ7 என்று சொன்னால், எந்த ஐ7 என்று கேளுங்கள்

என் தங்கை வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்கிறாள். அவளுக்கு ஒரு டெஸ்க்டாப் வாங்கித் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். பணம் அவள் சிறுகச் சிறுகச் சேர்த்தது. அதனால்தான் நடந்தது இன்னும் மனதை அறுக்கிறது. வேறு யாரும் இப்படி ஏமாறக்கூடாது என்று இதை எழுதுகிறேன்.

ப்ராசசர் என்பது கணினியின் மூளை; ஐ3, ஐ7 என்பவை இன்டெல் நிறுவனத்தின் ப்ராசசர் வரிசைகள். விற்றவர் சொன்னது இது: "ஐ7 ப்ராசசர் சார், எட்டு கோர், 3.4 கிகாஹெர்ட்ஸ், 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. எடிட்டிங்குக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" புத்தம் புது கேபினெட், பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கு, முன்னால் ஐ7 ஸ்டிக்கர். திரையில் விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருந்தது. ஐ3-12100 போட்ட இன்னொரு கணினியும் ஏறக்குறைய அதே விலைக்கு இருந்தது. மூன்றைவிட ஏழு பெரிது என்று நம்பி ஐ7-ஐ எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரம் ஒரு குறையும் தெரியவில்லை. எஸ்எஸ்டி இருந்ததால் சட்டென்று ஆன் ஆனது. தங்கை போனில் எடுத்த வீடியோக்களை எடிட்டிங் மென்பொருளில் போட்டபோதுதான் படம் திக்கித் திக்கி ஓடியது, விசிறி இரைந்தது. "அண்ணா, சும்மா ப்ளே பண்ணினாலே சிபியு நூறு சதவீதம் காட்டுது" என்று கூப்பிட்டாள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தோம். மேலே முழுப்பெயர் இருந்தது: கோர் ஐ7-2600.

அது 2011 ஜனவரியில் வந்த ப்ராசசர். கோர், அதாவது அதற்குள் தனித்து வேலை செய்யும் பகுதி, நான்குதான். எட்டு என்று விற்றவர் சொன்னது த்ரெட்களின், அதாவது ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வேலை வரிசைகளின் எண்ணிக்கை. வேண்டாம் என்று ஒதுக்கிய ஐ3-12100-க்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட். ஆனால் அது 2022-இல் வந்தது, கோருக்குக் கோர் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். இத்தனைக்கும் அதன் அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், பழையதைவிட 0.1 குறைவு. கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு மட்டுமே. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதை எந்த விளம்பர அட்டையிலும் எழுத மாட்டார்கள்.

வீடியோ திக்கியதற்குக் காரணம் வேறு. இப்போதைய போன்கள் பலவும் வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் எச்இவிசி என்ற முறையில் பதிவு செய்கின்றன. அதை விரித்துக் காட்டும் தனிச் சுற்று இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்களில் 2015-இன் ஆறாம் தலைமுறையில்தான் முழுமையாக வந்தது. எங்கள் கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டும் இல்லை. அந்தச் சுமை முழுவதையும் நான்கு பழைய கோர்கள் தாங்கின.

சரி, ப்ராசசரை மட்டும் மாற்றலாமா என்று பார்த்தால் அதற்கும் வழி இல்லை. அந்த மதர்போர்டில் ப்ராசசர் பொருந்தும் இடமான எல்ஜிஏ 1155 சாக்கெட் மூன்றாம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. ரேம் டிடிஆர்3, புது போர்டில் பொருந்தாது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் ப்ராசசர்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. எங்கள் கணினியில் அந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டி அதை நிறுவியிருக்கிறார்கள்.

திரும்பப் போய்க் கேட்டேன். "ஐ7 கேட்டீங்க, ஐ7 கொடுத்தேன், பில்லைப் பாருங்க" என்றார். பில்லில் 'ஐ7 செட்' என்று மட்டும் இருந்தது. அதற்கு மேல் என்னால் எதுவும் பேச முடியவில்லை.

அதனால் வாங்கும் முன்பே முழு எண்ணைக் கேளுங்கள். இன்டெல் கோர் ஐ வரிசை டெஸ்க்டாப் ப்ராசசர்களில் நான்கு இலக்கம் என்றால் முதல் இலக்கம் தலைமுறை, ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு. 2600 இரண்டாம் தலைமுறை, 12100 பன்னிரண்டாம் தலைமுறை. சொல்வதை நம்பாமல் கணினியை ஆன் செய்யச் சொல்லி, டாஸ்க் மேனேஜரிலோ, விண்டோஸுக்கு முன்பே திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரையிலோ நீங்களே பாருங்கள். அந்த எண் அப்படியே பில்லில் வரவேண்டும். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஏஎம்டி வாங்கினாலும் இதே கவனம் வேண்டும். ரைசன் 5 5500, 5600 இரண்டுமே ஆறு கோர்தான், ஆனால் ப்ராசசருக்குள் இருக்கும் வேகமான நினைவகமான எல்3 கேச் முன்னதில் 16 எம்பி, பின்னதில் 32 எம்பி. 'ரைசன் 5, ஆறு கோர்' என்று மட்டும் கேட்டால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

இரண்டாம் முறை வேறொருவரிடம் போனபோது ஐ3-12100எஃப் என்று விலைப்பட்டியல் தந்தார். அந்த எஃப் என்ற எழுத்துக்கு உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் கிடையாது என்று பொருள். கார்டு இல்லாமல் வாங்கியிருந்தால் திரையில் படமே வந்திருக்காது. இந்த முறை நாங்களே கவனித்து, எஃப் இல்லாததைக் கேட்டு வாங்கினோம். அதே போன் வீடியோக்கள் இப்போது தடங்கல் இல்லாமல் ஓடுகின்றன. பழையதிலிருந்து கேபினெட்டும் எஸ்எஸ்டியும் மட்டும் புதியதற்கு மாறின. போர்டு, ப்ராசசர், ரேம் மூன்றும் அலமாரியில் கிடக்கின்றன. அவற்றுக்குப் போன பணத்தைத் தங்கைக்கு நான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.