‘பொய்’யில் தடுமாறும் ஒரு கையகராதி

எந்த அகராதியை வாங்கினாலும் ‘பொய்’ என்ற சொல்லுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பது என் வழக்கம். சென்ற மாதம் மதுரை டவுன்ஹால் ரோட்டில் 350 ரூபாய்க்கு வாங்கிய தமிழ்-தமிழ்க் கையகராதி, ‘உண்மையல்லாதது, போலி’ என்று இரண்டே சொற்களில் அதை முடித்துவிட்டது.

‘போலி’யைச் சேர்த்தது சரிதான். பொய்க்கால் குதிரை ஆடுபவரும் பொய்க்கோபம் காட்டுபவரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. (பொய்முடி வைத்திருப்பவரைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.) சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதி, மரப்பொந்து என்றும் ஒரு பொருள் தருகிறது; கையகராதியில் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பெருங்குறை ‘பொய்த்தல்’ என்ற பதிவில் இருக்கிறது. அதற்கு ‘பொய் கூறுதல்’ என்று மட்டும் பொருள் தந்திருக்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரியில் சோளம் விதைத்தவர் ‘மழை பொய்த்துவிட்டது’ என்று சொன்னால், வர வேண்டியது வரவில்லை என்பதே பொருள். ‘விண்இன்று பொய்ப்பின்’ என்று தொடங்கும் 13ஆம் குறளிலும் அதுவே பொருள். ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க’ என்னும் 293ஆம் குறளிலோ பொய் சொல்லுதலைத்தான் குறிக்கிறது. ஒரே நூலில் இரண்டும் இருக்கும்போது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது ஏன் என்று விளங்கவில்லை. சிலப்பதிகாரம் வைகையைப் ‘பொய்யாக் குலக்கொடி’ என்று அழைக்கிறது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கே அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடும் காலத்தில் வளரும் மாணவன், இந்த அகராதியை நம்பினால், வைகையைப் பொய் பேசாத பெண் என்றுதான் புரிந்துகொள்வான்.

பேச்சுவழக்கைத் தொடவே இல்லை. அக்கா மகன் சென்ற வாரம் திண்ணையிலிருந்து வழுக்கி விழுந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அழத் தொடங்கியபோது, ‘பொய்க்கு அழுறான், விடு’ என்றார் அம்மா. இந்தப் ‘பொய்க்கு’, விளையாட்டுக்கு என்பதற்கு மிக அருகில் நிற்கும் சொல். நாள்தோறும் வீட்டில் புழங்குவதற்கு அரை வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

பின்னிணைப்பில் ‘ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் செய்’ என்ற பழமொழியைத் திருத்தி, ‘ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி’ என்பதுதான் மூலம் என்று சான்று எதுவும் காட்டாமல் எழுதியிருக்கிறார்கள். ‘பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர்’ மணச்சடங்குகள் வகுக்கப்பட்டன என்று தொல்காப்பியமே சொல்லும்போது, கல்யாணத்தையும் பொய்யையும் பிரித்துவைக்க இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை.

எழுத்து பெரிது, தாள் வெள்ளை, தையல் உறுதி. பிழையில்லாமல் எழுதிப் பழகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாம். பழைய பாட்டைப் படிக்க விரும்புபவர்கள் அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருப்பது நல்லது.