அலகின் அடிப்பட்டையை (டேங்) துடைக்க விடாதவரிடம் பழைய கத்தி வாங்காதீர்கள்

அமெரிக்காவில் வீட்டு வாசலில் பழைய பொருள்களை விற்கும் யார்ட் சேல்களில் பழைய மடக்குக் கத்தி தேடி அலையும் நம்மவர்கள் சிலர் இருப்பது எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. போன ஆகஸ்டில் 127ஆம் நெடுஞ்சாலை சேலில், கென்டக்கிப் பக்கம், ஒருவர் என்னிடம் 220 டாலர் வாங்கிக்கொண்டு, வருட அடையாளம் அழிக்கப்பட்ட கத்தியைத் தலையில் கட்டிவிட்டார். தெரியாமல் விற்றவர் அல்ல. தெரிந்தே, திட்டம் போட்டு விற்றவர்.

அந்த சேல் 1987இல் தொடங்கியது. மிச்சிகனில் அடிசன் முதல் அலபாமாவில் கேட்ஸ்டன் வரை சுமார் 690 மைல் நீளத்துக்கு நடக்கும். ஆகஸ்ட் முதல் வியாழன் ஆரம்பித்து ஞாயிறு வரை சாலையின் இரு பக்கமும் மேஜைகள்தான். வீட்டைக் காலி செய்கிற குடும்பங்கள் நிறைய இருக்கும். அவற்றுக்கு நடுவே, வீட்டுக்காரர் மாதிரியே உட்கார்ந்திருக்கும் முழுநேர வியாபாரிகளும் இருப்பார்கள். இவர் அப்படிப்பட்டவர். ஒஹையோவில் விவசாயம் பார்த்த தாத்தாவின் பெட்டியில் கிடைத்தவை என்று சொல்லி, சுருட்டுப் பெட்டி ஒன்றில் ஏழெட்டுக் கத்திகளைக் கலைத்துப் போட்டிருந்தார்.

அதில் ஒன்று கேஸ் கம்பெனியின் 6254, அதாவது டிராப்பர் என்கிற இரட்டை அலகு மாடல். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் செய்தது. கேஸ் கத்தி பிடித்துப்போவதற்கு முக்கியக் காரணமே, அது தன் ஜாதகத்தைத் தானே சுமந்துகொண்டிருப்பதுதான். மாடல் எண்ணில் முதல் இலக்கம் கைப்பிடி, இரண்டாவது அலகுகளின் எண்ணிக்கை, மீதி மாடல். 6 என்றால் செதுக்கிய எலும்பு. பிற்காலத்தில் எலும்பு மாதிரி வார்த்த டெல்ரின் பிளாஸ்டிக்குக்கும் அதே 6தான். வருடத்தை டேங்கில் பார்க்க வேண்டும். அலகு கைப்பிடிக்குள் போகிற இடத்தில், கூர் இல்லாத அடிப்பட்டைதான் டேங். அங்கே ‘கேஸ் எக்ஸ்எக்ஸ்’ என்று மட்டும் இருந்தால் 1940 முதல் 1964 வரை. கீழே ‘யு.எஸ்.ஏ.’ சேர்ந்திருந்தால் 1965 முதல் 1969 வரை. 1970இல் யு.எஸ்.ஏ.வுக்கு அடியில் பத்துப் புள்ளி வைத்தார்கள். அடுத்த வருடம் ஒன்பது, அதற்கடுத்து எட்டு என்று ஒவ்வொன்றாகக் குறைத்து, 1979இல் ஒரே ஒரு புள்ளி.

மோசடிக்கு வழியும் இதிலேயே இருக்கிறது. புள்ளிகளைத் தேய்த்து எடுத்துவிட்டால் எழுபதுகளின் கத்தி அறுபதுகளின் கத்தியாகிவிடும்.

நான் பார்த்த கத்தியில் யு.எஸ்.ஏ. இருந்தது, புள்ளி இல்லை. இரண்டு அலகுகளும் ‘டக்’ என்று உறுதியாகத் திறந்து மூடின, ஆட்டமே இல்லை. ஆனால் டேங் முழுக்கக் கருப்பாக, மெழுகும் எண்ணெயும் தூசியும் கலந்த பிசுக்கு அப்பியிருந்தது. கைக்குட்டையை எடுத்ததுமே அவர் தடுத்தார். பழைய அழுக்கைத் துடைத்தால் சேகரிப்பவர்களிடம் மதிப்பு போய்விடும், வாங்கிய பிறகு உங்கள் இஷ்டம் என்றார். இது பாதி உண்மை என்பதுதான் கொடுமை. பழைய கார்பன் ஸ்டீலில் படியும் சாம்பல்-நீல நிறத்தைப் பாலிஷ் போட்டு எடுத்தால் நிஜமாகவே மதிப்பு குறையும். இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அந்த நல்ல பழக்கத்தையே இவர் திரையாக்கிக்கொண்டார். மேலே படிந்த பிசுக்கைத் துடைப்பது வேறு, உலோகத்தைத் தேய்ப்பது வேறு. பிசுக்கை எடுப்பதால் எந்தக் கத்திக்கும் மதிப்பு குறைவதில்லை.

வீட்டுக்கு வந்து, மினரல் ஆயில் தொட்ட இயர் பட்டால் டேங்கைத் துடைத்தேன். பஞ்சில் கருப்பு மெழுகு கட்டி கட்டியாக வந்தது; பையில் கிடந்து சேர்கிற அழுக்கு இப்படி வராது. பத்து மடங்கு லென்ஸை வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது. ‘கேஸ் எக்ஸ்எக்ஸ்’ எழுத்துகள் ஆழமாக, ஓரம் கூர்மையாக இருந்தன. ‘யு.எஸ்.ஏ.’ எழுத்துகளின் கால்கள் மட்டும் மழுங்கியிருந்தன. அதற்கும் கீழே உலோகம் லேசாகக் குழிந்திருந்தது. அந்தக் குழியில் குறுக்குவாட்டில் மெல்லிய தேய்ப்புக் கோடுகள். டேங்கில் வேறெங்கும் அவை இல்லை. குழியின் வலது ஓரத்தில், தேய்ப்புக் கருவி எட்டாத இடத்தில், இரண்டு புள்ளிகளின் அடித்தடம் ஊசி குத்தினாற்போல் அப்படியே தங்கியிருந்தது. இரண்டு அலகுகளையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால், அந்த இடத்தில் புள்ளி அழித்த அலகு மெலிந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது.

கைப்பிடியும் அவர் சொன்ன மாட்டெலும்பு இல்லை. எலும்பை லென்ஸில் பார்த்தால், ரத்தக் குழாய் ஓடிய நுண்ணிய துளைகளும் கோடுகளும் கருப்பாகத் தெரியும். இதில் ஒரே வழவழப்பு. கண்ணில் படாத ஓரத்தில் சூடான ஊசியை வைத்தேன், உருகியது. எலும்பு உருகாது, கருகினால் முடி எரிகிற நாற்றம் வரும். (இந்த ஊசிச் சோதனையை உங்களுடைய கத்தியில் மட்டும் செய்யுங்கள். விற்பவரின் மேஜையில் லென்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

சீட்டில் அவர் எழுதிக் கொடுத்த எண்ணுக்கு அழைத்தேன். யார்ட் சேலில் வாங்கியதைத் திருப்புகிற வழக்கமில்லை என்றார். தேய்த்த தடத்தைப் பற்றிச் சொன்னதும் வைத்துவிட்டார். பிறகு அந்த எண் எடுக்கவே இல்லை.

இந்த வசந்தத்தில் ஒஹையோவில் ஒரு சந்தையில் அதே ஆளைப் பார்த்தேன். அதே மாதிரிப் பெட்டிதான், தாத்தா மட்டும் ரயில்வேக்காரர் ஆகிவிட்டார். இந்தத் தடவை பெட்டியில் முன்னால் இருந்தது ரெமிங்டன் ஆர்1123, கைப்பிடியில் தோட்டா வடிவச் சின்னம் பதித்த பெரிய கத்தி. ரெமிங்டன் தன் கத்தித் தொழிலை 1940இல் விற்றுவிட்டது. 1982இல் இதே மாடலை அதே பெயரில் மறுபடி வெளியிட்டார்கள். அதனால் பழசு என்று இதை நீட்டினால் இரண்டு மடங்கு எச்சரிக்கை வேண்டும். போலிகளும் ஏராளம். அதன் டேங்கிலும் அதே கருப்பு மெழுகு. பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம், துடைத்துக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். வியாபாரி உடனே கத்தியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அந்த முதியவரின் காசாவது தப்பியது.

ஆகவே வரும் ஆகஸ்டில் 127க்குப் போகிறவர்கள் ஒரு சிறு லென்ஸ், டார்ச், நாலு இயர் பட், சின்னக் குப்பியில் மினரல் ஆயில் எடுத்துச் செல்லுங்கள். டேங் பளிச்சென்று தெரியும் வரை பர்ஸைத் திறக்காதீர்கள். சம்மதிக்காதவரிடம் வாக்குவாதம் வேண்டாம், அடுத்த மேஜைக்குப் போய்விடுங்கள். வாங்குகிற பட்சத்தில் டேங்கையும் விற்பவரின் மேஜையையும் அங்கேயே போட்டோ எடுத்துக்கொண்டு, எந்த வருடக் கத்தி, என்ன கைப்பிடி என்று சீட்டில் எழுதிக் கையெழுத்து கேளுங்கள். உண்மையான வீட்டுக்காரர் எனக்கு வருடமெல்லாம் தெரியாது என்று நேராகச் சொல்லிவிடுவார். அதில் தவறில்லை, விலையும் அதற்கேற்ப இருக்கும்.

அந்த 6254 என்னிடம்தான் இருக்கிறது. இன்னொருவர் தலையில் கட்ட மனமில்லாததால் விற்கவில்லை. சின்சினாட்டி பக்கம் இருப்பவர்கள், தேய்த்த டேங் எப்படியிருக்கும் என்று நேரில் பார்க்க விரும்பினால் சொல்லுங்கள், லென்ஸோடு எடுத்து வருகிறேன்.