தாடை வலிக்குப் போன பிசியோதெரபி நிலையம், கும்பகோணம்

நாகஸ்வரம் வாசிப்பது எனக்குத் தொழில். முகூர்த்த மாதங்களில் வலது கடைவாய்ப் பல் வலி, கூடவே காதுக்குள் குடைச்சல். எக்ஸ்ரேயில் பல்லில் ஒன்றும் இல்லை, காதும் சுத்தம். இருந்தும் ஒரு பல் மருத்துவர் வேர் சிகிச்சை செய்துவிடலாம் என்றார். அப்புறம்தான் எங்கள் தவில்காரர் சொல்லி, மகாமகக் குளத்துப் பக்கத்தில் இருக்கும் இந்த இடத்துக்குப் போனேன்.

பிசியோதெரபிஸ்ட் அம்மா பல்லைக் கடிக்கச் சொல்லி, கன்னத்தில் புடைக்கும் மாசெட்டர் தசையை அழுத்தினார். அழுத்தியது கன்னத்தை, வலித்தது பல்! இந்தத் தசை இறுகி முடிச்சு விழுந்தால் வலி கடைவாய்க்கும் காதுக்கும் போகுமாம். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கத்து டெம்போராலிஸ் தசை என்றால் தலைவலியும் மேல்பல் வலியும். வாய்க்குள் மூன்று விரல் செங்குத்தாக நுழைகிறதா என்றும் பார்த்தார். எனக்கு இரண்டுக்கே திணறல்.

கையுறை போட்டு வாய்க்குள் விரல் விட்டு நீவுவார். கண்ணில் தண்ணீர் வரும், முன்னாடியே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வெந்நீர் ஒத்தடம், மெதுவாக வாய் திறக்கும் பயிற்சி. சும்மா இருக்கும்போது உதடு மூடி, பற்கள் ஒட்டாமல், நாக்கு மேலண்ணத்தில் இருக்க வேண்டும். சீவலையும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னார். கும்பகோணத்தில் இருந்துகொண்டு வெற்றிலை சீவல் போடாதே என்றால் எப்படி? பயிற்சியைவிட அதுதான் கஷ்டம்.

கட்டணம் நியாயம். இப்போது மல்லாரி முழுதாக வாசித்தாலும் தாடை இறுகுவதில்லை. மாடிப்படிதான் செங்குத்து, வயதானவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போங்கள். மாலையில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தே இடுப்பு போய்விடும், காலையில் போவது நல்லது.