ஃபைபரா, சிம் ரவுட்டரா?

வீட்டு இன்டர்நெட்டுக்கு எது நல்லது? தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் வீடு மாறுகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. இரண்டிலும் மோடம் வேலைதான் நடக்கிறது: ஃபைபர் பெட்டி கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின் சிக்னலாக்கும், சிம் ரவுட்டர் டவரின் ரேடியோ அலையைப் பிடிக்கும்.

செலவு: ஃபைபருக்குப் பெரும்பாலும் மாதாமாதம் கட்ட வேண்டும். சிம்முக்கு வேண்டும்போது ரீசார்ஜ், ஆனால் பிள்ளைகள் வீடியோ பார்க்க உட்கார்ந்தால் டேட்டா தண்ணீராய்க் கரையும்.

வேகம்: ஃபைபர் ராத்திரி எட்டு மணிக்கும் பெரிதாகத் தளராது. சிம்மில் ஒரே டவரைத் தெருவே பங்கு போடும்.

கரண்ட் போனால்: இதுதான் முக்கியம். 2023-இல் லோட் ஷெட்டிங் (முறைவைத்து செய்யும் மின்வெட்டு) படுத்திய பாட்டில், டவர் பேட்டரி தீர்ந்து என் ரவுட்டரில் சிக்னல் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய, பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ ஃபைபர் பெட்டியையும் வைஃபை ரவுட்டரையும் மினி யுபிஎஸ்ஸில் (கரண்ட் போனாலும் ஓடவைக்கும் சின்ன பேட்டரிப் பெட்டி) செருகிவிட்டு நிம்மதியாக சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். (யுபிஎஸ் வாங்குமுன் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள், எல்லாம் 12 இல்லை.)

சொந்த வீடு, வீட்டிலிருந்தே வேலை என்றால் ஃபைபர். வாடகை வீடு, அடிக்கடி இடம் மாறுவீர்கள் என்றால் சிம் ரவுட்டர் போதும். அதை ஜன்னலோரம் வையுங்கள், டிவிக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள்.