கூல்பிக்ஸா, ஒலிம்பஸா, மவிகாவா? கொழும்பில் பழைய டிஜிட்டல் கமரா சேர்ப்பவர்களுக்கு

மூன்று கமராக்களையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். நிக்கோன் கூல்பிக்ஸ் 950, ஒலிம்பஸ் சி-2000 சூம், சோனி மவிகா எஃப்டி7. முதல் இரண்டும் 1999இல் வந்தவை, மவிகா 1997. ஃபிலிம் றோலை விடலாமா வேண்டாமா என்று பலரும் யோசித்துக்கொண்டிருந்த காலத்துச் சாமான்கள். நிக்கோனை நானே வைத்துக்கொண்டேன். ஒலிம்பஸைக் கொஞ்சக் காலம் பாவித்துவிட்டு மச்சானிடம் கொடுத்தேன். மவிகா கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பருடையது. சில வார இறுதிகளுக்கு மட்டும்தான் என் கையில் இருந்தது. ஆகவே மவிகாவைப் பற்றி நான் சொல்வதற்குக் கொஞ்சம் குறைவான மதிப்பே கொடுங்கள்.

படத்தின் தரத்தைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. நிக்கோனும் ஒலிம்பஸும் 2 மெகாபிக்சல், அதாவது 1600 × 1200. மவிகா 640 × 480 மட்டும். இன்றைக்குக் கையில் இருக்கிற எந்தக் கைபேசியும் இவற்றை முந்திவிடும். அந்தக் காலத்துச் சிசிடி (வெளிச்சத்தைப் படமாக மாற்றுகிற சிப்பு) தருகிற நிறத்துக்காகவும், உடம்பின் வடிவமைப்புக்காகவும்தான் இவற்றை வாங்குகிறோம். லென்ஸில் ஒலிம்பஸ்தான் மேல். எஃப் 2.0 வரை திறக்கும், நிக்கோன் எஃப் 2.6இல் நின்றுவிடும் (இந்த எண் குறையக் குறைய உள்ளே வருகிற வெளிச்சம் கூடும்). பின்னேரத்தில் வீட்டுக்குள் பிள்ளைகளைப் படமெடுக்க இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். மவிகாவுக்கு 10 மடங்கு சூம் இருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு திரிய ஒரு பெரிய பை வேண்டும்.

சரி, கையில் பிடித்தால் எப்படி? இங்கேதான் நிக்கோன் என்னை மயக்கியது. கமரா இரண்டு துண்டாக இருக்கும். லென்ஸ் உள்ள பாதி தனியே திரும்பும், திரை உள்ள பாதி உங்களைப் பார்த்தபடி இருக்கும். மக்னீசியம் கலப்பு உடம்பு என்பதால் தூக்கும்போதே ஒரு கனம், ஒரு குளிர்ச்சி. மெரைன் டிரைவில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு படம் வேண்டுமென்றால் படுக்கத் தேவையில்லை. லென்ஸை மட்டும் திருப்பிவிட்டு, மேலிருந்து திரையைப் பார்த்து அழுத்தலாம். குளோசப்பில் 2 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகும். பழைய பத்து ரூபாய்க் குற்றியின் விளிம்பில் உள்ள தேய்மானத்தை அதில் எடுத்துப் பாருங்கள், இவ்வளவு பழைய கமரா என்று நம்ப மாட்டீர்கள்.

ஆனால் நான் நிக்கோனை வைத்துக்கொண்டதற்கு இதுகூடக் காரணமில்லை. காரணம் மெமரி கார்ட். இந்தக் கமராக்களைச் சேர்க்கிறவர்கள் கடைசியாக யோசிக்கிற விஷயம் இது. என் கணக்கில் முதலில் யோசிக்க வேண்டியதும் இதுதான். கமரா பழுதாகாமல் இருபது வருடம் இருந்துவிடலாம். படத்தைப் பதிய ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அது அலுமாரியில் வைத்துப் பார்க்கிற பொம்மைதான்.

ஒலிம்பஸ் பாவிப்பது ஸ்மார்ட்மீடியா. தோஷிபா 1995இல் கொண்டுவந்தது. தடிப்பு 0.76 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட வங்கி அட்டை அளவுதான். மெல்லியதாகவும் மலிவாகவும் இருக்க வேண்டும் என்பதற்காக உள்ளே நினைவகச் சிப்பை மட்டும் வைத்தார்கள். அந்தச் சிப்பை ஆளுகிற கொன்ட்ரோலர் கமராவுக்குள் போய்விட்டது. அதனால் ஒவ்வொரு கமராவும் தான் பிறந்த காலத்தில் இருந்த கார்ட்களை மட்டுமே விளங்கிக்கொள்ளும். எப்படிப் பார்த்தாலும் 128 எம்பியைத் தாண்டிய ஸ்மார்ட்மீடியா வந்ததே இல்லை. 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று இரண்டு வகை வேறு. மூலை வெட்டு எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். தங்க நிறத் தகடு முழுதும் வெளியே திறந்து கிடக்கும். கொழும்பு வியர்வைக் கையால் இரண்டு தரம் தொட்டாலே தொடர்பு விட்டு விட்டு வரும். இன்னொன்று, தப்பித் தவறி அதைக் கொம்பியூட்டரில் ஃபார்மட் பண்ணிவிட்டால் கமரா பல நேரம் அதை ஏற்காது. கமராவிலேயே ஃபார்மட் பண்ணலாம் என்றால், கமராதான் அதைக் கார்ட் என்றே ஒத்துக்கொள்ளவில்லையே.

2002இல் ஒலிம்பஸும் ஃபுஜியும் சேர்ந்து எக்ஸ்டி கார்டைக் கொண்டுவந்தபோதே ஸ்மார்ட்மீடியாவின் கதை முடிந்தது. இப்போது கிடைப்பவை எல்லாம் இன்னொருவர் பாவித்தவை, அல்லது எங்கோ பெட்டிக்குள் மிஞ்சியவை. யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கிக் கேட்டால், இளம் பொடியன்களுக்குப் பெயரே தெரியாது. கார்ட் கிடைத்தாலும் றீடர் வேண்டுமே? இப்போதைய றீடர்களில் அந்தத் துளையே இல்லை. சி-2000இல் யூஎஸ்பியும் கிடையாது, பழைய சீரியல் கேபிள்தான். கார்ட், றீடர், கேபிள் என்று மூன்றையும் வெளிநாட்டிலிருந்து தேடி எடுக்கும்போது கமராவின் விலையைத் தாண்டிவிடும்.

மவிகாவின் நிலைமை வேறு. அது படத்தைச் சாதாரண 3.5 அங்குல ஃப்ளொப்பியில் பதியும். அந்தக் காலத்தில் இது அருமையான யோசனை. கேபிள் இல்லை, மென்பொருள் இல்லை, டிஸ்க்கை எடுத்து எந்தக் கொம்பியூட்டரிலும் போடலாம். ஒரு டிஸ்க்கில் நல்ல தரத்தில் 20 படங்கள் அளவு வரும். படம் பதிகிறபோது உள்ளே மோட்டார் கறகறவென்று சுழல்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே நண்பர் அதை விற்க மாட்டேன் என்கிறார், எனக்கும் அது விளங்குகிறது. யூஎஸ்பி ஃப்ளொப்பி ட்ரைவ் ஒன்றை வாங்கிவிட்டால் படத்தை எடுப்பதும் சுலபம். சோனி தன் நாட்டில் ஃப்ளொப்பி விற்பனையை 2011 மார்ச்சில் நிறுத்தியது. பழைய இருப்பு இன்னும் உலகெங்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரில் சிக்கல் ஈரப்பதம். அலுமாரியில் கிடந்த ஃப்ளொப்பியின் தகரக் கதவைத் தள்ளிப் பார்த்தால், கறுப்புத் தட்டில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். அதை அப்படியே கமராவுக்குள் போட்டால் படிக்கிற ஹெட்டில் போய் ஒட்டும், பிறகு நல்ல டிஸ்க்கையும் படிக்காது. ஒவ்வொரு டிஸ்க்கையும் கதவு திறந்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

நிக்கோன் பாவிப்பது கொம்பக்ட்ஃப்ளாஷ். சான்டிஸ்க் 1994இல் கொண்டுவந்தது. தடித்த, கனமான கார்ட். கொன்ட்ரோலர் கார்டுக்குள்ளேயே இருக்கிறது. 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் வேலை செய்யும். உள்ளே என்ன சிப்பு இருக்கிறது என்று கமராவுக்குக் கவலையில்லை, அந்தப் பேச்சைக் கார்டே பேசிக்கொள்ளும். கொம்பக்ட்ஃப்ளாஷ் ஸ்மார்ட்மீடியாவை விட நீண்ட காலம் உயிரோடு இருக்க இந்த முடிவு உதவியது. பிறகு படப்பிடிப்பாளர்கள் பாவித்த பெரிய கமராக்களான கெனன் 5டி மார்க் 2, நிக்கோன் டி700 எல்லாம் இதைத்தான் பாவித்தன. 2016இல் வந்த 5டி மார்க் 4இல்கூட ஒரு துளை இதற்குத்தான். இதன் அர்த்தம் கொழும்பில் என்ன தெரியுமா? கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளர்கள் பலரின் மேசை லாச்சியில் பழைய கொம்பக்ட்ஃப்ளாஷ் கார்ட்கள் சும்மா கிடக்கின்றன. எனக்குக் கிடைத்தது காலி வீதியில் ஒரு ஸ்டூடியோ அண்ணனிடம். “தம்பி, இதை இப்ப ஆர் கேக்கினம்” என்று சொல்லிக் காசும் வாங்காமல் தந்தார்.

அவரிடம் இருந்ததில் சின்னதைத்தான் கேட்டு எடுத்தேன். அந்தக் காலத்துக் கமராக்கள் கார்டில் கோப்புகளை அடுக்க ஃபாட் 16 என்ற பழைய முறையைப் பின்பற்றுபவை, 2 ஜிபிக்கு மேலே போவதில் பலனில்லை. அதற்குக் கீழேயும் 64, 128, 256 எம்பி கார்ட்களே பாதுகாப்பு. ஃபைன் தரத்தில் ஒரு படம் ஏறக்குறைய ஒரு எம்பி. 128 எம்பி ஒரு நாள் சுற்றலுக்குத் தாராளம். எஸ்டி கார்டைக் கொம்பக்ட்ஃப்ளாஷாக மாற்றுகிற அடப்டர்களும் விற்கிறார்கள். ஆனால் அவற்றில் பல 5 மில்லிமீற்றர் தடிப்பான இரண்டாம் வகை. 950இன் துளை 3.3 மில்லிமீற்றர் கார்டுக்கானது, உள்ளே போகாது. நான் அடப்டர் பாவித்துப் பார்த்ததில்லை. 950இலும் யூஎஸ்பி இல்லை, ஆனால் மலிவான றீடர் ஒன்றில் கார்டைப் போட்டுக் கைபேசியிலேயே படத்தை இறக்கிவிடுகிறேன்.

பற்றரியில் நிக்கோனும் ஒலிம்பஸும் சமம். இரண்டுக்கும் நான்கு டபிள்ஏ. சாதாரண டோர்ச் பற்றரி போட்டால் சில படங்களிலேயே மூச்சு விட்டுவிடும், ரீசார்ஜ் பண்ணக்கூடிய நிக்கல் மெற்றல் ஹைட்றைட் (NiMH) வகையே சரி. மவிகாவின் எஃப் வரிசைப் பற்றரி வீடியோ லைட்டுகளுக்கும் மொனிட்டர்களுக்கும் இன்றும் போகிறது என்பதால் அதையும் தேடிப் பிடிக்கலாம். பாவிக்காதபோது டபிள்ஏ பற்றரிகளைக் கழற்றி வையுங்கள். உள்ளே கசிந்து, தகட்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குக் கட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். பஞ்சுக் குச்சியில் ஒரு துளி வினாகிரி தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரையும். அப்புறம் ஈரமில்லாமல் துடைத்து நன்றாகக் காயவிட்டால் போதும்.

இந்த மூன்றையும் விட்டுவிட்டுக் கொஞ்சம் புதியதாக, 2003 அளவில் வந்த கெனன் ஏ60, ஏ70 மாதிரி ஒன்றை வாங்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். அவையும் கொம்பக்ட்ஃப்ளாஷ்தான், யூஎஸ்பியும் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் சோனி தயாரித்துப் பல நிறுவனங்களுக்குக் கொடுத்த சில சிசிடிகளில் ஒரு குறை இருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் கூடிய இடங்களில் உள்ளே இணைப்புக் கம்பி விட்டுவிடும். படம் ஊதாவாகக் கோடு கோடாக வரும், அல்லது ஒரேயடியாகக் கறுத்துப்போகும். 2005இல் கெனன், நிக்கோன், ஃபுஜி உட்படப் பல நிறுவனங்கள் இதை அறிவித்து இலவசமாகத் திருத்திக் கொடுத்தன. இன்றைக்கு அந்தச் சலுகை இல்லை. வெப்பமும் ஈரமும் வருடம் முழுக்க உள்ள ஊரில் இருந்துகொண்டு அந்த வரிசையை வாங்குவதென்றால், கமராவை இயக்கிப் படம் எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்கவே கூடாது. 1999ஆம் ஆண்டுக் கமராக்கள் இந்தச் சிக்கலுக்கு முந்தியவை.

நிக்கோனிலும் குறை உண்டு. பற்றரிக் கதவின் பிளாஸ்டிக் கொக்கி நொறுங்குவது இந்தக் கமராவின் பிறவிக் குணம். ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டி விற்கிற 950கள் நிறைய. கார்ட் துளைக்குள் 50 ஊசிகள் இருக்கின்றன. யாராவது கார்டைச் சரித்துத் தள்ளியிருந்தால் ஒரு ஊசி வளைந்திருக்கும். ஒன்று வளைந்தாலும் வேலை முடிந்தது. சின்ன டோர்ச் அடித்து, வரிசை நேராக இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸையும் அதே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பூஞ்சணம் சிலந்தி நூலாகத் தெரியும். எடுக்கிற வேகமும் குறைவு. ஓடுகிற பிள்ளையை இதில் பிடிக்க முடியாது. மற்ற இரண்டும் அதில் ஒன்றும் பெரிதாகக் கெட்டித்தனம் காட்டவில்லை.

திருப்பி விற்றால் என்ன வரும் என்பதில் எனக்கு அனுபவம் மிகக் குறைவு. ஒலிம்பஸை மச்சானுக்குக் கொடுத்ததை விற்பனை என்று சொல்ல முடியாது. ஆனால் ‘கார்ட் இல்லை, வேலை செய்கிறதா என்று பார்க்கவில்லை’ என்ற விளம்பரங்கள் ஸ்மார்ட்மீடியா கமராக்களில்தான் அதிகம் என் கண்ணில் படுகின்றன. வாங்குபவருக்கு அது ஒரு பேரம் பேசுகிற வழி, விற்பவருக்கு நட்டம்.

950 கிடைக்கவில்லை என்றால் அதே கார்ட் பாவிக்கிற, யாரும் கவனிக்காத வேறு கமராக்களும் உண்டு. கோடக் டிசி210, எப்சன் ஃபோட்டோபிசி 850இசட், 2000இல் வந்த கசியோ கியூவி-3000ஈஎக்ஸ். கசியோவில் கெனனின் எஃப் 2.0 லென்ஸ் இருக்கிறது, ஒலிம்பஸின் வெளிச்சமும் நிக்கோனின் கார்டும் ஒன்றாகக் கிடைக்கும். அதை நான் இன்னும் கையில் எடுத்ததில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். 1995இல் வந்த கசியோ கியூவி-10 சரித்திரச் சாமான், ஆனால் அதில் கார்டே இல்லை. படம் உள் நினைவகத்தில் கிடக்கும், சொந்தக் கேபிளும் பழைய மென்பொருளும் இல்லாமல் வெளியே எடுக்க முடியாது.

கனடாவிலோ லண்டனிலோ இருந்து சித்தியோ மாமாவோ விடுமுறைக்கு வருகிறார்கள் என்றால், அங்கே பழைய சாமான் கடையில் 950 ஒன்று பார்த்து எடுத்துவரச் சொல்லுங்கள். அனுப்ப முன்னர் மூன்று படம் கேளுங்கள்: பற்றரிக் கதவு மூடியபடி ஒன்று, கார்ட் துளைக்குள் வெளிச்சம் அடித்து ஒன்று, அந்தக் கமராவாலேயே எடுத்த படம் ஒன்று. கார்டை அங்கே தேடச் சொல்லி அவர்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம், அது வெள்ளவத்தையிலேயே கிடைக்கும்.