தையல் பிரிப்பதற்கு முன்பே நாயை நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டார்கள்

அறுவை சிகிச்சை முடிந்த நாயை பிசியோதெரபிக்கு அழைத்துச் செல்லப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எங்களுக்குப் பணம் மட்டும் போயிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எங்கள் சிட்டு ஆறு வயது லேப்ரடார். இடது பின்னங்காலின் முழங்கால் ஜவ்வு அறுந்துபோய், டி.பி.எல்.ஓ. என்ற அறுவை சிகிச்சை செய்தார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் மேல்பகுதியை வளைவாக அறுத்து, சற்றுத் திருப்பி, தகடும் திருகாணிகளும் வைத்து முடுக்குகிற வேலை அது. எலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ எட்டு வாரம் ஆகும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்வரை ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, படி ஏறக்கூடாது. வாரைப் பிடித்தபடி ஐந்து நிமிட நடை மட்டும்தான். எல்லாம் டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருந்தது. தொடைச் சதை கரையாமலிருக்க பிசியோதெரபி நல்லது, தையல் பிரித்த பிறகு தொடங்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அதற்குள் அவசரப்பட்டவள் நான்தான்.

பத்தாம் நாளே ஒரு நிலையத்தில் பத்து அமர்வுக்கும் முன்பணம் கட்டினேன். டிஸ்சார்ஜ் தாளை நீட்டினேன், யாரும் வாங்கவில்லை. “எல்லா நாய்க்கும் இதே சிகிச்சைதான் மேடம்” என்றார்கள். அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும். வளர்ப்பவர் பக்கத்தில் நின்றால் நாய் அடம் பிடிக்கும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். முதல் நாள் லேசர் ஒளி சிகிச்சை. கதவு திறந்தபோது சிட்டுவின் கண்ணிலும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லை, லேசர் பிடித்தவர் கண்ணிலும் இல்லை. சிட்டு கொட்டாவிமேல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். “சுகமாக இருந்திருக்கிறது, தூக்கம் வருகிறது” என்றார் அந்த ஊழியர். நம்பினேன்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் குளம். தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில் இருப்பதாகச் சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். அது மூலையில் போர்வை மூடிக் கிடந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று சமாளித்தார்கள். ஒன்றே அல்ல. டிரெட்மில்லில் தண்ணீரின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். முழங்கால் வரை தண்ணீர் நின்றால் நாயின் கால்கள் உடல் எடையில் சுமார் 85 சதவீதத்தைத் தாங்குகின்றன. இடுப்பு வரை ஏற்றினால் சுமார் 38 சதவீதம்தான். வேகமும் நம் கையில். குளத்தில் விட்டால் நாய் பின்னங்கால்களை உதைத்துத் தள்ளும். அந்த உதையை யாரும் அளந்து கொடுக்க முடியாது. எலும்பு கூடியிராத காலுக்கு அது ஆகாது. அதைவிட, தையல் இருக்கும்போது காயத்தைத் தண்ணீரில் முக்கவே கூடாது.

பதினான்காம் நாள் காலை, காயத்தின் ஓரம் சிவந்து, இரண்டு தையல்களுக்கு நடுவே பிளந்து, மஞ்சளாக நீர் கசிந்தது. கையை வைத்தால் அனல். மருத்துவர் பார்த்ததும் முகம் மாறினார். கிருமி தகட்டில் படிந்துவிட்டால் மருந்துக்கு எளிதில் மசியாது, எலும்பு கூடிய பிறகு தகட்டை எடுக்க இன்னோர் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்றார். நான்கு வாரம் ஆன்டிபயாடிக்.

நிலையத்தில் கேட்டால், நாய் நக்கியிருக்கும் என்றார்கள். முதல் நாளிலிருந்து அவள் கழுத்தில் காயத்தை நக்கவிடாமல் தடுக்கும் கூம்பு இருக்கிறது, அங்கே போனபோதும் இருந்தது. சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டேன். அரை மணி நேரம் கழித்து ஒரு தாள் வந்தது. மூன்று தேதிகள், மூன்றுக்கும் எதிரே “நல்ல முன்னேற்றம்”, ஒரே பேனா, ஒரே சாய்வு. மை இன்னும் விரலில் ஒட்டியது.

காயம் ஆறிய பிறகு, பிசியோதெரபிக்கென்றே பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரிடம் போனோம். முதல் நாள் முழுக்க அவர் எந்தக் கருவியையும் தொடவில்லை. டிஸ்சார்ஜ் தாளைப் படித்தார், எக்ஸ்ரேயைப் பார்த்தார், சிட்டுவை நடக்கவிட்டுப் பார்த்தார். இரண்டு தொடைகளையும் நாடாவால் அளந்தார். இடது தொடை நான்கு சென்டிமீட்டர் குறைவு. முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானி வைத்துக் குறித்தார். பிறகு பாதங்களைத் தூக்கிக் காட்டினார். வலது பாதத்தின் நகங்கள் தேய்ந்திருந்தன. இடது பாதத்தில் கூராக நீண்டிருந்தன. அந்தக் காலை அவள் ஊன்றவே இல்லை. நல்ல முன்னேற்றமாம்!

முழங்காலை மடக்கும்போது சிட்டு ஒருமுறை உதட்டை நக்கினாள். அவர் உடனே கையை எடுத்துவிட்டார். வலியிலும் பதற்றத்திலும் நாய்கள் உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும், களைப்பில்லாமலே கொட்டாவி விடும் என்றார். அந்த மூடிய கதவுதான் என் நினைவுக்கு வந்தது. நான் உள்ளே இருந்திருக்க வேண்டும்.

இந்தத் துறையைக் குறை சொல்லவில்லை. 2010இல் அமெரிக்காவில் கால்நடை மருத்துவத்தின் தனிச் சிறப்புப் பிரிவாகவே இது அங்கீகரிக்கப்பட்டது. சரியானவர் கையில் சிட்டுவின் தொடைச் சதை மீண்டும் கூடி வருவதை நாடாவில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் கருவி வாங்கிப் போட்டவரெல்லாம் சிகிச்சையாளர் இல்லை. மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். உங்களை வெளியே நிறுத்தினால் நாயை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், ஒவ்வொரு அமர்வின் குறிப்பையும் அன்றன்றே கேட்டு வாங்குங்கள். பிரச்சினை வந்த பிறகு கேட்டால் எனக்குக் கிடைத்த தாள்தான் உங்களுக்கும் கிடைக்கும். மீதி ஏழு அமர்வுக்கான பணத்தை அவர்கள் இன்றுவரை திருப்பித் தரவில்லை.