நொதி கலந்த குப்பைப் பை: கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கிறது?

“நொதித் தொழில்நுட்பத்தில் தயாரானது, மண்ணில் சில மாதங்களில் மட்கிவிடும்” என்ற வாசகத்துடன் இணையக் கடைகளில் விற்கப்படும் பச்சை நிறக் குப்பைப் பைகளில் ஒரு வகையை வாங்கிச் சமையலறையில் பயன்படுத்தி வருகிறேன். சாதாரணக் கறுப்புப் பையைவிட ஏறத்தாழ இரு மடங்கு விலை. இதே வாசகத்தோடு வேறு பைகளும் சந்தையில் இருப்பதால், நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்துவிட்டுப் பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பை என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காய்கறித் தோல், காப்பிச் சக்கை, சாதம் வடித்த ஈரம் எல்லாம் சேர்ந்தும் அடிப்பக்கம் கசியவில்லை. வாயை முறுக்கி முடிச்சுப் போட்டால் அவிழ்வதும் இல்லை. ஆனால் ஓரத்தை இரு கைகளாலும் பிடித்து இழுத்தால், கிழிவதற்குப் பதிலாகச் சவ்வுபோல் நீண்டு வெளிறுகிறது. மாவுச்சத்தும் மட்கும் நெகிழியும் கலந்து செய்யப்படும் பைகளுக்கு இந்தக் குணம் இவ்வளவு இருப்பதில்லை. அவை தொடுவதற்கு மெத்தென்று இருக்கும், ஈரக் குப்பையை ஓரிரு நாளுக்கு மேல் வைத்திருந்தால் இளகத் தொடங்கும். உறையின் பின்பக்கப் பொடி எழுத்துகளைப் படித்தபோது விஷயம் விளங்கிற்று: மூலப்பொருள் பாலிஎதிலீன், அதாவது சாதாரணப் பைகள் செய்யப்படும் அதே மட்காத நெகிழி; அதனுடன் “நொதிக் கலவை” சிறிதளவு.

மாடியிலுள்ள உரத்தொட்டியில் இந்தப் பையிலிருந்து ஒரு துண்டையும், சான்றிதழ் எண் அச்சிட்ட மட்கும் பையிலிருந்து ஒரு துண்டையும் தனித்தனியே கொசுவலைத் துணியில் முடிந்து, காய்கறிக் கழிவுக்கும் தேங்காய் நார்த்தூளுக்கும் நடுவே புதைத்தேன். புளித்த மோர் தெளித்து, வழக்கம்போல் அவ்வப்போது கிளறிவிட்டேன். தொட்டி முழுதும் உரமாகிச் சலிக்கும் பதத்துக்கு வந்தபோது எடுத்துப் பார்த்தால், சான்றிதழ் பெற்ற பையின் துண்டு சல்லடையாகி, விரல் பட்டதும் உதிர்ந்தது. முழுதாக மறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பச்சைப் பையின் துண்டோ, கழுவியதும் அதில் அச்சிட்டிருந்த இலைப் படம் உட்பட அப்படியே இருந்தது. இழுத்தால் முன்போலவே நீண்டது. வீட்டுத் தொட்டி ஆய்வகம் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் இந்த முடிவு வியப்புக்குரியதும் அன்று.

நெகிழியை நொதிகள் சிதைக்கும் என்பது கட்டுக்கதை இல்லை. ஒவ்வொரு நொதியும் தனக்குரிய வேதிப் பிணைப்பைப் பிடித்து வெட்டும் புரதம். தண்ணீர் பாட்டில் செய்யப்படும் பெட் நெகிழியின் மூலக்கூறுச் சங்கிலியில் சீரான இடைவெளியில் எஸ்டர் எனப்படும், ஆக்சிஜன் அணுவும் இடம்பெறும் பிணைப்புகள் இருப்பதால், நீரின் துணையோடு நொதி அங்கே வெட்ட முடிகிறது. ஜப்பானின் சகாய் நகரில், பெட் பாட்டில் மறுசுழற்சி நிலையத்தின் அருகே சேகரித்த மாதிரிகளிலிருந்து கண்டறியப்பட்ட ஐடியோனெல்லா சகாயென்சிஸ் என்ற பாக்டீரியா இதைச் செய்வதாக 2016இல் அறிவிக்கப்பட்டது. 30 டிகிரி செல்சியஸில் மெல்லிய பெட் படலத்தைச் சிதைக்க அதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்கள் தேவைப்பட்டன. இலைமட்கிலிருந்து ஒசாகா பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த மற்றொரு நொதியை பிரான்சின் கார்பியோஸ் நிறுவனமும் துலூஸ் ஆய்வாளர்களும் மாற்றியமைத்து, 72 டிகிரி வெப்பத்தில் 10 மணி நேரத்தில் பெட் கழிவின் 90 விழுக்காட்டைப் பிரித்துக் காட்டினார்கள். அந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. அங்கும் பெட்டை முதலில் பதப்படுத்தித் தூளாக்கிய பிறகே நொதியிடம் விடுகிறார்கள்; வேலை நடப்பது கலனில், மண்ணில் இல்லை; கிடைக்கும் மூலக்கூறுகளைக் கொண்டு மீண்டும் பெட் செய்வதே நோக்கம்.

பாலிஎதிலீனின் சங்கிலி முழுவதும் கார்பன்-கார்பன் பிணைப்புகளால் ஆனது. எஸ்டர் பிணைப்பை வெட்டும் நொதிக்கு அதில் பற்றிக்கொள்ள இடமே இல்லை. மெழுகுப் பூச்சிப் புழுவின் உமிழ்நீரிலுள்ள நொதிகள் அறை வெப்பத்திலேயே பாலிஎதிலீனை ஆக்சிஜனேற்றம் செய்வதாக ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2022இல் தெரிவித்தார்கள். நல்ல செய்திதான், ஆனால் அது சிதைவின் முதல் படி, அதை வைத்துக் குப்பைப் பை விற்கும் நிலை இன்னும் வரவில்லை.

நொதியைப் பைக்குள்ளேயே வைத்துத் தயாரிப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த உறையில் பெருமையாகப் போட்டிருப்பது அதைத்தான். பாலிஎதிலீன் படலத்தை இழுக்கும் இயந்திரத்தில் வெப்பம் 150 டிகிரியைத் தாண்டும். பெரும்பாலான நொதிகள் அந்தச் சூட்டில், கொதிநீரில் விழுந்த முட்டையின் வெள்ளைக்கருபோல் உருக்குலைந்துவிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டு 2021இல் வெளியிட்டார்கள்: நொதியைச் சுற்றி ஒரு பாதுகாப்புப் பாலிமரைப் போர்த்தி, நெகிழி முழுவதும் நுண்ணிய அளவில் பரப்பிவிட்டார்கள். அவ்வாறு செய்த பாலிகேப்ரோலாக்டோன் என்ற நெகிழி 40 டிகிரி நீரில் இரண்டே நாளிலும், பாலிலாக்டிக் அமிலம் என்ற நெகிழி 50 டிகிரி மட்கில் ஆறு நாளிலும் பெரும்பகுதி சிதைந்தன. கவனிக்க வேண்டியது, இவ்விரண்டும் எஸ்டர் பிணைப்புள்ள நெகிழிகள். நம் பையில் இருப்பது அந்த இனமே இல்லை.

இந்தியாவில் மட்கும் நெகிழிப் பைகள் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 தரத்தை நிறைவு செய்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அந்தத் தரமும் சுமார் 58 டிகிரி வெப்பம் நிலவும் தொழிற்சாலை மட்குமுறையைக் கணக்கில் கொண்டது. ஆகவே சான்றிதழ் பெற்ற பையும் வீட்டுத் தொட்டியில் மெதுவாகத்தான் மட்கும். பச்சைப் பையின் உறையில் சான்றிதழ் எண் இல்லை. விற்பனையாளரிடம் எண்ணைக் கேட்டு எழுதினேன். வண்ணப் படங்கள் நிறைந்த விளம்பர ஏடு ஒன்று வந்தது, எண் வரவில்லை.

உறுதிக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் ஐந்தில் நான்கு தரலாம். மட்கும் என்ற வாக்குறுதிக்காகக் கூடுதல் விலை கொடுப்பவருக்கு ஐந்தில் ஒன்றுக்கு மேல் சொல்ல மனம் வரவில்லை. உரத்தொட்டி வைத்திருப்பவர்கள் ஈரக் குப்பையைப் பையே இல்லாமல் வாளியில் சேர்த்து நேரே கொட்டலாம், செலவும் மிச்சம். பை கட்டாயம் வேண்டுமென்றால் உறையில் சான்றிதழ் எண்ணையும், மூலப்பொருள் வரிசையில் பாலிஎதிலீன் இல்லை என்பதையும் பார்த்து வாங்குங்கள். என்னிடம் மீதமுள்ள சுருளை மக்காத குப்பை கட்டப் பயன்படுத்துகிறேன். பாலிஎதிலீன் போக வேண்டிய இடம் அதுதான்.